கடலில் ஓடிய அவுட்போர்டு மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசுவது: எஞ்சின் ஓடும்போதா, நிறுத்திய பிறகா?

வலைக்கயிறு:

வணக்கம். மீன்பிடித்துத் திரும்பியதும் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை அலச வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி அலசுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. இரண்டு மோட்டார்களுக்காகக் கேட்கிறேன்.

பெரியது 40 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். மேல்மூடிக்குக் கீழே பக்கவாட்டில் ஹோஸ் மாட்டுவதற்கு ஒரு வாய் இருக்கிறது. சின்னது 8 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், கார்புரேட்டர். அதில் அப்படி எதுவும் கிடையாது.

தெரிய வேண்டியவை:

அந்த வாயில் ஹோஸை மாட்டி எஞ்சினை ஓடவிடலாமா, நிறுத்தித்தான் வைக்க வேண்டுமா? 5 நிமிடம் போதும் என்கிறவர்களும் உண்டு, 15 நிமிடம் என்கிறவர்களும் உண்டு. எது சரி?

சின்ன மோட்டாரை டிரம்மில் இறக்கி ஓட்டினால் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அந்தத் தண்ணீரிலேயே உப்பு கரைந்து, அதுவே திரும்ப எஞ்சினுக்குள் போகாதா?

கைவசம் இருப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். லேசாகக் கரிக்கும். அதில் அலசி ஏதாவது பயன் உண்டா?

பெரிய மோட்டாரில் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் முன்பைவிட மெலிந்திருக்கிறது. உப்பு அடைப்பா, தண்ணீரை மேலே ஏற்றும் இம்பெல்லர் சக்கரமா? எதை முதலில் பார்ப்பது?

தண்டுஅச்சு:

நிமிடக் கணக்கை அப்புறம் பார்ப்போம். தண்ணீர் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே தீரும்.

ஓடும்போது நடப்பது இது. கீழே கியர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சல்லடை வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். கியர் பெட்டிக்கு மேலே, செங்குத்துத் தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் இம்பெல்லர் அதை மேலே தள்ளும். ஒரு குழாய் வழியாகப் பவர்ஹெட்டுக்கு (மேலே உள்ள எஞ்சின் பகுதி) ஏறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளை நிரப்பி, தெர்மோஸ்டாட்டை (சூடானால் திறக்கும் வால்வு) தாண்டி, புகையோடு சேர்ந்து கீழே வெளியேறும். நாம் பார்க்கும் பக்கவாட்டுப் பீய்ச்சல் இதிலிருந்து பிரிந்துவரும் ஒரு சின்னக் கிளை மட்டுமே. பல மோட்டார்களில் அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அதனால் பீய்ச்சல் நன்றாக இருக்கிறது என்பதால் எஞ்சின் முழுக்கத் தண்ணீர் போகிறது என்று சொல்லிவிட முடியாது. பம்ப் தள்ளுகிறது என்பதை மட்டும் அது காட்டும்.

உப்பு எங்கே தங்கும்? அதிகம் சூடாகும் இடத்தில், தண்ணீர் மெதுவாக நகரும் இடத்தில். சிலிண்டர் தலையைச் சுற்றி, தெர்மோஸ்டாட் கூட்டுக்குள், அதன் அருகில் உள்ள அழுத்த வால்வில். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. எஞ்சினை நிறுத்தியதும் சிலிண்டரின் சூடு சுற்றியுள்ள சுவருக்கு ஏறும், தங்கிய ஈரம் வற்றும், உப்பு சுவரில் ஒட்டும். சாதாரண உப்பு மட்டும் என்றால் அடுத்த முறை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கூடவே படியும் சுண்ணப் பொருள்கள் அப்படிக் கரையாது. உப்புக்கு அடியில் அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளை மாவும் கரையாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் பாதையின் விட்டத்தையே குறைத்துவிடும். அதனால் அன்றைக்குச் செய்யும் 10 நிமிட அலசலின் பலன், மூன்று நாள் கழித்து ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் கிடைக்காது.

இப்போது ஹோஸ் வாய்க்கு வருவோம். பெரும்பாலான மோட்டார்களில் இந்த வாய் இம்பெல்லருக்கு மேலே, பவர்ஹெட் பக்கம் சேரும். அதில் விடும் தண்ணீர் எஞ்சினைச் சுற்றும், ஆனால் கீழே இம்பெல்லருக்குப் போதுமான அளவு போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் இம்பெல்லர் வறண்டு சுழலும். ரப்பருக்கு மசகே தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் சில விநாடிகளில் இதழ் ஓரம் கருகத் தொடங்கும். யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் கையேடுகள் இந்த வாயைப் பயன்படுத்தும்போது எஞ்சினை ஓட்டக் கூடாது என்கின்றன. 15 நிமிடம் தண்ணீர் விடச் சொல்கின்றன. வேறு சில தயாரிப்புகளில் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓட்ட அனுமதி உண்டு, அவற்றில் நீர்ப்பாதையின் அமைப்பே வேறு. உங்கள் கையேட்டில் "ஓட்டலாம்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, ஓட்டாதீர்கள்.

செய்யும் ஒழுங்கு:

மோட்டாரை நேராக இறக்கி வையுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், நிறுத்தும் கயிற்றின் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள். வாயின் இணைப்பைத் திருகிக் கழற்றி அதில் ஹோஸை மாட்டி, குழாயை முதலில் மெல்லத் திறந்து பிறகு நிதானமான வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது. 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். சாதாரண ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 150 முதல் 225 லிட்டர் செலவாகும். முடிந்ததும் மோட்டார் அதே நேர் நிலையில் சில நிமிடம் நிற்கட்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். உடனே தூக்கிச் சாய்த்தால் பள்ளமான பாதைகளில் தண்ணீர் தேங்கும்.

கடைசியாக ஒன்று, பலரும் கோட்டை விடுவது. கழற்றிய ஹோஸ் இணைப்பைப் பழைய இடத்தில் திருகி இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் அடுத்த பயணத்தில் எஞ்சினுக்குள் போக வேண்டிய தண்ணீர் அந்த வழியாகவே வெளியே கொட்டும். எஞ்சின் சூடேறும், அலாரம் அடிக்கும், ஆள் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுக்கான்:

தண்டுஅச்சு சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. எஞ்சின் நின்ற நிலையில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும். அவுட்போர்டுகளில் அது பொதுவாக 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் திறப்பது. வெதுவெதுப்பான எஞ்சினிலும் இரண்டு நிமிடக் குளிர்நீர் அதை மூடவைத்துவிடும். அப்புறம் தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப்பக்கம் போவது கசிவளவுதான். மற்ற தண்ணீரெல்லாம் சுலபமான வழி பார்த்துக் கீழே இறங்கிவிடும். நிமிடத்தை 15-லிருந்து 30 ஆக்கினாலும் இது மாறாது.

ஆகவே டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் படகு என்றால், காதுமூடி போல இரண்டு பக்கமும் கவ்வும் ரப்பர் மஃப் வாங்கி, எஞ்சினை ஓட்டி அலசுவதே என் பரிந்துரை. எஞ்சின் சூடேறும், தெர்மோஸ்டாட் திறக்கும், தண்ணீர் வழக்கமான பாதை முழுவதும் போகும். இம்பெல்லர் கூடும் சேர்ந்து கழுவப்படும்.

மஃப் போடுவதில் கவனிக்க வேண்டியவை:

முன்பக்கத்திலிருந்து, அதாவது விசிறி (புரொப்பெல்லர்) இல்லாத பக்கத்திலிருந்து நுழையுங்கள். இரண்டு சல்லடைகளும் முழுமையாக மூடியிருக்க வேண்டும். கியர் பெட்டியின் மூக்கு முனையில் கூடுதல் துளைகள் உள்ள மோட்டார் என்றால், அலசும் நேரத்துக்கு மட்டும் அவற்றின் மேல் அகலமான ஒட்டுநாடா போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். அலசி முடித்ததும் நாடாவைப் பிரிக்க மறக்கக் கூடாது.

தண்ணீரை முழுவதும் திறந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கியர் நியூட்ரலில். விசிறியைக் கழற்றிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. கழற்றவில்லை என்றால் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஐடிலில் மட்டும், நிமிடத்துக்கு 1000 சுற்றைத் தாண்டத் தேவையில்லை. வேகம் கூட்டினால் பம்ப் கேட்கும் அளவுக்கு ஹோஸ் கொடுக்காது. ஹோஸே உறிஞ்சப்பட்டுச் சப்பையாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பீய்ச்சல் வந்ததா என்று முதல் 20, 30 விநாடிக்குள் பாருங்கள். வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். மஃப் வழுக்கி நழுவும், ஆகையால் எஞ்சினை ஓடவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நிறுத்தும்போது எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு.

தெர்மோஸ்டாட் திறந்ததா என்று எப்படித் தெரியும்? அதன் மூடிக்குப் பக்கத்தில் வெப்பநிலைத் துப்பாக்கியால் அளந்தால் ஏறிக்கொண்டே போகும் எண் ஒரு கட்டத்தில் நின்று சற்றுக் கீழே வரும். அந்தக் கருவி இல்லாவிட்டால், புகைத் துளை வழியாக வரும் தண்ணீர் திடீரென்று கூடி, கொஞ்சம் சூடாக வரும். அதற்குப் பிறகு 5 நிமிடம் ஓடினால் போதும். குளிர்ந்த எஞ்சினில் தொடங்கினால் மொத்தம் 10 முதல் 15 நிமிடம் ஆகலாம். மூடிய கொட்டகைக்குள் வைத்து ஓட்டாதீர்கள்; வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

தண்டுஅச்சு:

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் எல்லா மோட்டாருக்கும் பொருந்தாது. சில எஞ்சின்களில் ஹோஸ் வாய் நேரே சிலிண்டரைச் சுற்றிய பாதையில் இணையும். தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் அந்தப் பாதை நிரம்பி, வந்த வழியே கீழே வடியும். அங்கே அலசாமல் மிஞ்சுவது தெர்மோஸ்டாட்டின் கூடும் வெளியேறும் பாதையும்தான். கையேட்டின் நீர்ப்பாதைப் படத்தில் வாய் எங்கே சேருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் வாய் வழியாக, நான்கைந்து பயணத்துக்கு ஒரு தடவை மஃப் போட்டுச் சூடேற்றி என்று இரண்டையும் கலந்து செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

படகு தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறதென்றால் மஃபுக்கு வழியில்லை. அப்போது மோட்டாரை நீருக்கு மேலே முழுக்கத் தூக்கி, நிறுத்திய நிலையில், வாய் வழியாக விடுவதே இருப்பதில் நல்ல வழி. கீழ்ப்பகுதி கடலுக்குள் இருந்தால் அங்கே உப்பு எப்படி நீங்கும்?

நீர்மட்டம்:

டிரம் கேள்விக்கு.

200 லிட்டர் டிரம் தாராளம். 100 லிட்டரிலும் முடியும். அளவைவிட நீர்மட்டம்தான் முக்கியம். விசிறிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தட்டு இருக்கிறதே, கேவிட்டேஷன் தட்டு, அதற்கு மேலே குறைந்தது ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். இம்பெல்லர் அந்தத் தட்டுக்கு மேலே இருப்பதுதான் காரணம். சல்லடை மூழ்கினால் போதும் என்று விட்டுவிட்டால், பம்ப் தொடக்கத்தில் வறண்டு சுழல வேண்டியிருக்கும்.

உப்பு திரும்பப் போகாதா என்றால், போகும். ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினுக்குள்ளும் வெளிப்புறத்திலும் ஒரு லிட்டர் கடல்நீர் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம்; அதில் 35 கிராம் உப்பு. 100 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.35 கிராம், அதாவது கடல்நீரின் நூறில் ஒரு பங்கு. 5 நிமிடம் ஓட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு 5 நிமிடம் ஓட்டினால் அதிலும் நூறில் ஒரு பங்கு. இரண்டாம் சுற்றுக்குத் தண்ணீர் இல்லையென்றால் டிரம்முக்குள் ஹோஸைப் போட்டு வழியவிடுங்கள். டிரம்மில் இறக்குவதற்கு முன்பே மோட்டாரின் கீழ்ப்பகுதியை வெளியில் கழுவிவிட்டால் கணக்கு இன்னும் சாதகம்.

டிரம்மில் உண்மையான தொந்தரவு புகை. அது விசிறியின் நடுத்துளை வழியாகத் தண்ணீருக்குள் வரும்; குமிழி எழும், நுரை கட்டும், அந்தக் குமிழிகளைச் சல்லடை திரும்ப உறிஞ்சும். பம்புக்குள் காற்று போனால் எஞ்சின் சூடாகும். ஆகவே ஐடிலைத் தாண்டாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் மிதக்கும். அதை ஓடையிலோ கடலிலோ ஊற்ற வேண்டாம். விசிறியைக் கண்டிப்பாகக் கழற்றுங்கள். கழற்றாமல் கியர் தவறி விழுந்தால் டிரம்மும் போகும், பக்கத்தில் நிற்பவர் காலும் போகும்.

கார்புரேட்டர் மோட்டார் என்பதால் ஒரு கூடுதல் வேலை. அலசல் முடியும் தறுவாயில் எரிபொருள் ஹோஸைப் பிடுங்கி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும், பிசின் கட்டாது. பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றும் மோட்டாரில் நிற்கும் தறுவாயில் கலவை மெலிந்து சுற்று ஏறப் பார்க்கும். ஏறினால் உடனே நிறுத்துங்கள், விட்டுவைக்க வேண்டாம். இதை 40 குதிரைத்திறனில் செய்ய வேண்டாம். இன்ஜெக்‌ஷன் மோட்டாரின் எரிபொருள் பம்ப் வறண்டு ஓடக் கூடாது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டுத்தான் இதெல்லாம்.

உப்புமூட்டை:

கிணத்துத் தண்ணி பத்தி யாரும் சொல்லலையே. நாக்குல லேசா கரிக்கிற தண்ணின்னா லிட்டருக்கு 2 கிராம் உப்புன்னு வச்சுக்குங்க. கடல்ல 35. பதினேழு மடங்கு குறைவு. தாராளமா அலசுங்க. அலசாம விடுறதோட ஒப்பிட்டா அது அமிர்தம். முடிஞ்சா கடைசி 20 லிட்டர் மட்டும் மழைத்தண்ணியோ குடிதண்ணியோ விட்டு முடிங்க, காயும்போது சுவத்துல மிஞ்சுறது அந்தக் கடைசித் தண்ணிதான்.

கடினத் தண்ணியா இருந்தா சுண்ணாம்பு படியுமேன்னு பயப்பட வேணாம். கடல்தண்ணியிலேயே கால்சியம் லிட்டருக்கு 0.4 கிராம் இருக்கு. உங்க கிணறு அந்த அளவுக்கு வராது.

கடையில விக்கிற உப்பு நீக்கித் திரவம் கெடுதல் இல்ல. நல்ல தண்ணில அலசி முடிச்ச பிறகு கடைசியா, டப்பாவுல போட்டிருக்கிற அளவுல. அதை ஊத்திட்டோம்னு தண்ணி விடுற நேரத்தைக் குறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுக்கான்:

பீய்ச்சல் மெலிந்தது பற்றி. செலவில்லாததில் தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர் பீய்ச்சும் முனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, புல் வெட்டும் கருவிக்குப் போடும் நைலான் நரம்பையோ தடித்த தூண்டில் நரம்பையோ அந்தத் துளைக்குள் செலுத்தி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். உப்புக் கட்டி, மணல், சில சமயம் குளவி கட்டிய மண் கூட வரும். இரும்புக் கம்பி வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் முழங்கை இருக்கும், கிழிந்தால் மேல்மூடிக்குள் கடல்நீர் தெறிக்கும்.

அப்படியும் மெலிந்தே வந்தால், மேல்மூடியைத் திறந்து பீய்ச்சலுக்குப் போகும் சின்ன ரப்பர்க் குழாயை அந்த முனையில் இருந்து பிடுங்குங்கள். மஃப் போட்டு ஐடிலில் ஓட்டி அந்தக் குழாயின் வேகத்தைப் பாருங்கள். குழாயில் பலமாக வந்தால் கோளாறு முனையில்தான். குழாயிலும் மெலிந்தால் அதே குழாய் வழியாக எஞ்சின் பக்கம் ஹோஸால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, சிக்கியதைத் தள்ளிப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சல்லடையில் பிளாஸ்டிக் பை, பாசி, சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சுத்தமென்றால் இம்பெல்லர். பொதுவான அறிகுறி: ஐடிலில் சொட்டும், வேகம் கூட்டினால் சரியாகும். இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போய், மெதுவாகச் சுற்றும்போது கூட்டின் சுவரைத் தொடாததுதான் காரணம். இம்பெல்லர் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள். மணல் கலங்கிய ஆழமில்லாத நீரில் ஓட்டுபவர்களுக்கு அதற்கும் முன்பே தீரும்.

தண்டுஅச்சு:

இம்பெல்லர் என்று முடிவானால், மாற்றும்போது தவறு நடக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ப்பகுதியைக் கழற்றும் முன் கியரைக் கையேடு சொல்லும் நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கியர் கம்பி பொருந்தாமல் பாடாய்ப்படுத்தும். டிரிம் தகட்டுக்கு (விசிறிக்கு மேலே உள்ள சின்னத் துடுப்பு) அடியில் ஒளிந்திருக்கும் ஒரு போல்ட் பல மோட்டார்களில் உண்டு. அதைக் கழற்றாமல் நெம்பி உடைத்தவர்கள் ஏராளம்.

இம்பெல்லரை மட்டும் மாற்றாதீர்கள். அது உட்காரும் எஃகுக் கிண்ணம், அடித் தகடு, கேஸ்கெட், தண்டோடு இணைக்கும் சாவித் துண்டு எல்லாம் சேர்ந்த தொகுப்பாகவே கிடைக்கும். கிண்ணத்தில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. இதழ்களில் பாத்திரம் கழுவும் திரவமோ கிளிசரினோ தடவி, தண்டை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே கூட்டை அழுத்தினால் இதழ்கள் சரியான திசையில் மடங்கும். ரப்பரில் பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். தண்டின் பல்வரிசையில் கடல் கிரீஸ் (மரைன் கிரீஸ்) தடவுங்கள். மேல் முகப்பில் தடவாதீர்கள். அங்கே கிரீஸ் தேங்கினால் தண்டு முழுக்க உள்ளே போய் உட்காராது.

பழைய இம்பெல்லரில் இதழ் துண்டு காணாமல் போயிருக்கிறதா? அந்தத் துண்டு ஆவியாகிவிடவில்லை. மேலே போய் நீர்க்குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லரோடும் எஞ்சின் சூடாகும்.

வலைக்கயிறு:

நன்றி, தெளிவாகிவிட்டது. நைலான் நரம்பு விட்டதும் வெள்ளைக் கட்டிகள் வந்தன, பீய்ச்சல் முக்கால்வாசி மீண்டுவிட்டது. அப்படியென்றால் உள்ளேயும் இதே வெள்ளைப் படிவு இருக்கும் அல்லவா? குளியலறைக்குப் போடும் ஆசிட்டை நீர்த்து உள்ளே விட்டால் கரைந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

நீர்மட்டம்:

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படிவைக் கரைக்கும், அதே வேகத்தில் அலுமினியத்தையும் தின்னும். உப்பு அரித்ததைவிட அது அதிகம் அரிக்கும்.

தண்டுஅச்சு:

முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். மூடியில் நாலைந்து போல்ட்தான். இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் உப்போடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், தலை முறிந்தால் பெரிய வேலை. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டு, மூடியைச் சுற்றி மிதமாகச் சூடுகாட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டில் கடல் கிரீஸ், புது கேஸ்கெட்.

தெர்மோஸ்டாட்டை அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சோதனை: வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலால் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் தொங்கவிடுங்கள். அடியில் தொடக் கூடாது. வெப்பமானி போட்டு மெல்லச் சூடாக்கினால், வால்வு திறக்கும் கணத்தில் நூல் நழுவி அது கீழே விழும். அப்போதைய வெப்பநிலை, தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். குளிர்ந்ததும் முழுவதும் மூடவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிது போடுங்கள்.

கூட்டுக்குள் எட்டிப்பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும் என்றால் கவலையில்லை, சூடான அலசல் நாலைந்து முறை செய்தால் போதும். கெட்டியான பொருக்கு என்றால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் படிவு நீக்கியை வாங்கி, 20 லிட்டர் வாளியில் கலந்து, சின்ன மூழ்கு பம்பால் ஹோஸ் வாய் வழியாக ஏற்றி, கீழே வடிவதை அதே வாளியில் பிடித்துச் சுழலவிடுங்கள். நேரமும் செறிவும் அதன் டப்பாவில் சொல்லியபடி. நுரை பொங்குவது நின்றால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. பிறகு 15 நிமிடம் நல்ல தண்ணீர்.

தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றியிருக்கும்போதே உள் ஆனோடுகளையும் (எஞ்சினுக்குப் பதிலாகத் தாங்கள் அரிபடும் உலோகக் கட்டிகள்) பார்த்துவிடுங்கள். பல மோட்டார்களில் அவை சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடிகளின் பின்னால் இருக்கும். வெளியே தெரியும் கட்டியை மாற்றும் பலருக்கு இவை இருப்பதே தெரியாது. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை. மக்னீசியம் நன்னீருக்கு மட்டும், கடலில் அது சீக்கிரமே கரைந்து தீர்ந்துவிடும். எதன் மீதும் பெயின்ட் அடிக்கக் கூடாது.

உப்புமூட்டை:

வெளிப்பக்கம் ரெண்டு வரி. மேல்மூடிய மாட்டிவச்சே கழுவுங்க. திறந்துவச்சு ஹோஸைக் காட்டாதீங்க, பிரஷர் வாஷரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க. காத்து உள்ள போற வழியில தண்ணி போயிரும், கனெக்டர்ல உப்பும் ஈரமும் உக்காந்திரும். உள்ள உப்புத் தெறிச்சிருந்தா நனைச்ச துணிய நல்லாப் பிழிஞ்சு துடைங்க, காஞ்சதும் அரிப்புத் தடுப்பு ஸ்பிரே. மோட்டாரைத் தூக்குற டில்ட் தண்டுல இருக்கிற கிரீஸ் நிப்பிள்கள்ல கிரீஸ் அடிச்சுப் பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் தள்ளுங்க.

மீன்பிடிக்கிறவங்களுக்குன்னே ஒண்ணு. மாசத்துக்கு ஒருதடவை விசிறியைக் கழட்டிப் பின்னால பாருங்க. தூண்டில் நரம்பு தண்டுல சுத்தி, சீலை அறுத்துக்கிட்டு உள்ள போகும். சீல் போச்சுன்னா கடல்தண்ணி கியர் பெட்டிக்குள்ள. கியர் ஆயில் போல்ட்டை லேசாத் தளத்தி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா தண்ணி ஏறியிருக்கு. அந்த இடத்துக்கு எந்த அலசலும் போய்ச் சேராது.

வலைக்கயிறு:

கடைசியாக ஒன்று. காலையில் ஒரு பயணம், மாலையில் ஒரு பயணம் என்றால் இடையிலும் அலச வேண்டுமா?

சுக்கான்:

இடைவெளி 4, 5 மணி நேரம் என்றால், மோட்டாரை நேராக நிறுத்தி வடியவிட்டு நிழலில் வையுங்கள், மாலையில் அலசிக்கொள்ளலாம். ஒரு இரவு தாண்டுமென்றால் அலசிவிடுங்கள்.